மொய்யை எழுதறோம், கடனை எழுதக் கூடாதா?

(பட்டிமன்றத் தலைப்பு: சொந்தபந்தத்துக்குள் கொடுக்கல் வாங்கலுக்கு வேண்டியது வாய்ச்சொல்லா, எழுத்தா? ‘எழுத்தே’ என்ற அணியின் உரை.)

நடுவர் அவர்களே, எதிரணிப் பெரியவங்களே, மாரியாத்தா கோயில்ல பூவோட்டுத் தீச்சட்டியை எறக்கி வெச்ச கையோட வீட்டுக்குப் போய்ப் படுக்காம இந்த மேடைக்கு முன்னால வந்து உக்காந்திருக்கிற அம்மிணிகளே, அண்ணன்மாருங்களே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

எனக்கு முன்னால பேசுன அண்ணன் மூணு விஷயம் சொல்லிட்டுப் போனாங்க. ஒண்ணு, மச்சான்கிட்டப் போய் நோட்டு எழுதிக் கேட்டா ஒறம்பரைச் சொந்தம் முறிஞ்சிரும். ரெண்டு, நம்ம அப்பாரு காலத்துல மாட்டுச்சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் பிடிச்சே வியாபாரம் முடிஞ்சுது, எழுத்தா கேட்டாங்க? மூணு, ஏமாத்தறவன் எழுதிக் குடுத்தும் ஏமாத்துவான். கைதட்டு நல்லா விழுந்துது. மூணுக்கும் பதில் சொல்லிட்டுத்தான் எறங்குவேனுங்க.

சந்தையில இருந்தே ஆரம்பிக்கறேன். கருங்கல்பாளையத்துச் சந்தையிலயும் கண்ணபுரம் சந்தையிலயும் துண்டுக்குள்ள விரல் பேசுனது நெசந்தான். ஆனா அங்க என்ன நடக்குதுன்னு கிட்டப் போய்ப் பாருங்க. வாங்கறவர் மாட்டு வாயைத் தொறந்து பல்லைப் பார்க்கறார். சுழி பார்க்கறார். நாலு எட்டு நடக்க விட்டுப் பார்க்கறார். தரகர் துண்டைப் போட்டு விரலைப் பிடிக்கறார். வெலை படிஞ்சுது. காசு இந்தக் கைக்கு, கயிறு அந்தக் கைக்கு. ரெண்டும் ஒரே நிமிஷம். அதுக்கப்புறம் ஒருத்தருக்கு ஒருத்தர் பாக்கியே இல்லை. பாக்கி இல்லாத இடத்துல எதை எழுதறது? அதே மாட்டுக்கு, ‘பாதி இப்ப, மீதி மஞ்சள் வித்ததுக்கு அப்புறம்’னு சொல்லிப் பாருங்க. தரகரே ‘எழுதிக்கலாமுங்களா?’ன்னு கேட்பார்.

என் கட்சி அவ்வளவுதானுங்க. கொடுக்கறதுக்கும் திரும்ப வாங்கறதுக்கும் நடுவுல நாள் வந்து உக்காந்துருச்சுன்னா அங்க எழுத்து வேணும். ஆளு கெட்டவன்னு சொல்லலை. நாள் கெட்டது. நாள் மறக்கடிக்கும், ஆளை மாத்தும், சில சமயம் ஆளையே எடுத்துட்டுப் போயிரும்.

ஒரு கணக்கைப் பாருங்க. அக்கா வீட்டுக்காரர் மச்சானுக்கு 3 லட்சம் குடுக்கறார். ‘வெச்சுக்கடா, மெதுவாக் குடு’ன்னு சொல்லிக் குடுக்கறார். குடுத்தவர் மனசுல, நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. ஊர் வழக்கம் அதுதானேன்னு அவர் நெனப்பு. வாங்கினவர் மனசுல, கைமாத்து. அக்கா புருஷன் வட்டியா கேட்பாருன்னு அவர் நெனப்பு. நூத்துக்கு ஒரு ரூபான்னா மாசம் 3,000. வருஷத்துக்கு 36,000. அஞ்சு வருஷம் கழிச்சு மச்சான் சந்தோஷமா 3 லட்சத்தைக் கொண்டாந்து தட்டுல வெச்சுக் குடுக்கறார். அக்கா புருஷன் 4 லட்சத்து 80 ஆயிரத்துக்குக் காத்திருக்கார். நடுவுல நிக்கறது 1 லட்சத்து 80 ஆயிரம். ரெண்டு பேர்ல யாரு திருடன், சொல்லுங்க? ரெண்டு பேரும் நல்லவங்க. ‘வட்டி இல்லை’ன்னு ரெண்டே வார்த்தை, இல்லைன்னா ‘ஒரு ரூபா வட்டி’ன்னு மூணே வார்த்தை, அன்னிக்கு ஒரு காகிதத்துல ஏறலை. அதுக்கு விலை, அடுத்த தீவாளிக்கு அந்த அக்கா பொறந்த வீட்டுக்குப் போக முடியலை. எழுத்து உறவை முறிக்கும்னு அண்ணன் சொன்னாங்க. இங்க முறிச்சது எழுத்தாங்க?

சரி, எழுதினா மரியாதைக் கொறைவுன்னு சொல்றீங்களே. கல்யாண மண்டபத்துல வாசல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கும். ரெண்டு பேர் உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் பணத்தை எண்ணுவார், ஒருத்தர் எழுதுவார். ஊர்ப் பேரு, இனிஷியல், பேரு, தொகை. 500 ரூபா குடுக்கற பெரியப்பா, அது நோட்டுல ஏறுற வரைக்கும் அந்த எடத்தை விட்டு நகர மாட்டார். ‘இனிஷியல் விட்டுப்போச்சு பாரு கண்ணு, சரியா எழுது’ம்பார். எழுதாம விட்டா அதுக்குத்தான் சண்டை. அந்த நோட்டு 20 வருஷம் பீரோவுல பட்டுச்சேலைக்கு அடியில கெடக்கும். அவங்க வீட்டுப் பிள்ளைக்குக் கல்யாணம்னா அதை எடுத்துப் பார்த்துத்தான் நாம கவர் போடறோம். தமிழ்நாட்டுல இவ்வளவு சுத்தமா எழுதப்பட்ட கணக்கு வேற எதுவும் இல்லைங்க, அதை எழுதுனவங்க நாமதான். 500 ரூபாயை எழுதினா மரியாதை, 5 லட்சத்தை எழுதினா அவமானமா? இந்தக் கோயிலுக்கே வீட்டுக்கு வீடு வரி வாங்கும்போது ரசீதைக் கிழிச்சுத்தானே குடுத்தாங்க? மாரியாத்தாளை நம்பாமயா ரசீது போட்டாங்க?

இது இன்னிக்கு நேத்து வந்த பழக்கமும் இல்லை. கரூர் பக்கம் புகளூர்ல ஆறுநாட்டான் மலைன்னு ஒண்ணு இருக்குது. அங்க ஒரு சமணத் துறவிக்குச் சேர ராஜா வீட்டுல இருந்து ஒரு கல்படுக்கை செஞ்சு குடுத்தாங்க. கிட்டத்தட்ட 1,800 வருஷம் இருக்கும். யாத்தூர் செங்காயபன்கிறது துறவி பேரு. தாத்தன் பேரு கோ ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோன், பேரன் இளங்கடுங்கோ இளவரசன் ஆனப்போ குடுத்ததுன்னு மூணு தலைமுறைப் பேரையும் சேர்த்துப் பாறையிலயே வெட்டி வெச்சிருக்காங்க. வாங்கினவரு எல்லாத்தையும் விட்டுட்டு வந்த துறவி. குடுத்தவரு நாட்டையே வெச்சிருந்தவரு. அவங்களுக்குள்ள ஒரு கல்லு குடுத்ததுக்கே யாரு, யாருக்கு, எப்போன்னு எழுத்து. நம்ம கொங்கு மண்ணுல நமக்குக் கெடைச்ச ரொம்பப் பழைய எழுத்துல ஒண்ணே, கொடுத்ததைப் பத்தின எழுத்துதானுங்க.

இப்ப, எழுதறேன்னு சொல்லிட்டு அரைகுறையா எழுதறவங்களுக்கு வரேன். பெட்டிக்கடையில புரோ நோட்டு, அதான் கடனைத் திருப்பித் தர்றேன்னு எழுதிக் குடுக்கற சீட்டு, அச்சடிச்சு விக்கறான், வாங்கிட்டு வந்து ஒரு கையெழுத்து மட்டும் போட்டு நீட்டறோம். அதுல நாலு எடத்துல ஓட்டை விழும். தொகையை எண்ணாலயும் எழுதணும், எழுத்தாலயும் எழுதணும். வட்டி எத்தனைன்னு, நூத்துக்கு மாசம் இத்தனை ரூபான்னு தெளிவா வேணும்; வட்டி இல்லைன்னா இல்லைன்னே எழுதணும். ‘கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது தருகிறேன்’ங்கிற வாசகத்தை அடிக்கக் கூடாது, அதுதான் அந்தக் காகிதத்தை புரோ நோட்டு ஆக்குது. ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, ஸ்டாம்பு மேலயும் காகிதத்து மேலயும் சேர்ந்து விழற மாதிரி வாங்கறவர் கையெழுத்துப் போடணும். ஸ்டாம்பு ஒட்டாத நோட்டு கோர்ட்டுல ஏறாது. மத்தப் பத்திரமா இருந்தா அபராதம் கட்டிச் சரி பண்ணலாம், புரோ நோட்டுக்கு அந்த வழியும் சட்டத்துல கெடையாது. ஒரு ரூபா ஸ்டாம்பை அப்புறம் ஒட்டிக்கலாம்னு விட்டு 5 லட்சம் போனா அதுக்கு மச்சானைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் மூணு வருஷம். கேட்கும்போது குடுக்கற நோட்டுக்குக் கெடு, எழுதின தேதியில இருந்து மூணு வருஷம். நாம கேட்ட தேதியில இருந்துன்னு பாதிப் பேர் நெனச்சுட்டு இருக்காங்க, தப்பு. ‘சொந்தக்காரன்தானே, எங்க ஓடிப்போறான்’னு நோட்டை அரிசி டப்பாவுல வெச்சுட்டு நாலாவது வருஷம் எடுத்தா அது வெறும் காகிதம். அதுக்குத்தான் வரவு வைக்கறது. மூணு வருஷம் முடியறதுக்குள்ள ஒரு 1,000 ரூபாயாவது வாங்கி, நோட்டுப் பின்பக்கம், ‘இந்த நோட்டு வகையில் இன்று ரூபாய் ஆயிரம் செலுத்தினேன்’னு தேதி போட்டு, பணம் கட்டறவரே எழுதிக் கையெழுத்துப் போடணும். நாம எழுதி அவர் கையெழுத்துப் போட்டாலும் சரி. நாமளே எழுதி நாமளே வெச்சுக்கிட்டா செல்லாது. கையெழுத்து விழுந்த தேதியில இருந்து புதுசா மூணு வருஷம். வாங்கினவருக்கும் இது பாதுகாப்பு பாருங்க. கட்டுன ஒவ்வொரு ரூபாயும் அந்தப் பின்பக்கத்துல நிக்குது. ‘நான் போன வருஷமே அம்பதாயிரம் குடுத்தனே’ன்னு தொண்டை கிழியக் கத்த வேண்டியது இல்லை.

பணத்தைக் கட்டுக்கட்டா கையில குடுக்கறதும் வேண்டாமுங்க. 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கடனை ரொக்கமா வாங்கினா வருமான வரிச் சட்டப்படி அதே அளவு தொகை அபராதம் விழும், அதுவும் வாங்கினவர் தலையில. ரெண்டு பக்கமும் விவசாய வருமானம் மட்டும்தான், வரி கட்டற வேற வருமானம் இல்லைன்னா விலக்கு உண்டு. மத்தவங்க பேங்குலயே போடுங்க. போடும்போது ரிமார்க்குன்னு ஒரு கட்டம் வரும், அதுல ‘கடன்’னு மூணு எழுத்து அடிங்க. வெறுமனே 2 லட்சம் போனா, ‘அது பழைய பாக்கிக்கு வந்தது’ன்னும் சொல்லலாம், ‘மாமன் சீருக்குக் குடுத்தது’ன்னும் சொல்லலாம்.

நோட்டு எழுதவே முடியாத எடம் ஒண்ணு இருக்குது, ஒத்துக்கறேன். மாமனார். பொண்டாட்டியோட அண்ணன். அங்க குறைஞ்சபட்சம் ஒரு வாட்ஸ்அப் போடுங்க. ‘மாமா, இன்னிக்கு உங்க கணக்குல 3 லட்சம் போட்டிருக்கேனுங்க. தை மாசம் தர்றதாச் சொன்னீங்க. வட்டி வேண்டாமுங்க. வந்துருச்சான்னு பார்த்துச் சொல்லுங்க.’ அவ்வளவுதான். அவர், ‘வந்துருச்சு மாப்ள, தையில குடுத்தர்றேன்’னு பதில் போட்டா தொகை, தேதி, வட்டி மூணும் பதிஞ்சுது. நீல டிக்கு பதில் இல்லைங்க. கைகூப்புற பொம்மையும் பதில் இல்லை, அது எதுக்கு வேணும்னாலும் கும்பிடும். எழுத்துல ஒரு வரி வரணும். அந்த போனையும் பழைய மாடல்னு எக்சேஞ்சுல போட்டுராதீங்க, கோர்ட்டுக்குப் போனா மின்னணுச் சான்றுக்குச் சான்றிதழோட மூலப் பதிவும் வேண்டியிருக்கும்.

இப்ப நகைக்கு வரேன். இதைத்தான் இன்னிக்கு நான் முக்கியமாச் சொல்ல வந்தது, ஏன்னா இந்தப் பக்கம் உக்காந்திருக்கிற அம்மிணிகள்ல பாதிப் பேரோட ஆரம் இன்னிக்கு யாரோ ஒருத்தர் தொழிலுக்காக பேங்க் லாக்கர்ல தூங்குது. தம்பி வந்து, ‘அக்கா, மூணே மாசம், பனியன் கம்பெனிக்கு நூல் வாங்கணும்’ங்கறான். அக்கா கழட்டிக் குடுத்தர்றா. அவன் தன் பேர்ல அடகு வைக்கறான். பேங்குக்கு அந்த நகை தம்பியோடது. வட்டி கட்டாம போனா ஏல நோட்டீசு தம்பி விலாசத்துக்குப் போகும். அக்காவுக்கு ஏலம் முடிஞ்சுதான் தெரியும். அதனால நகையைக் கையில குடுக்காதீங்க. உங்க பேர்ல நீங்களே வெச்சு, பணத்தைத் தம்பி கணக்குக்கு அனுப்புங்க. அடகு ரசீது உங்க பீரோவுல இருக்கணும். வட்டி அவன் உங்க கணக்குல போடணும், நீங்க கட்டணும். அடகு வைக்கறதுக்கு முன்னால ஒரு தாள்ல எழுதுங்க: ஆரம் ஒண்ணு, 40 கிராம், கல் நீக்கி இத்தனை; வளையல் நாலு, 32 கிராம்; மொத்தம் 9 பவுன். ஹால்மார்க் நகையில ஆறு எழுத்துல, அந்த நகைக்குன்னே உள்ள அடையாளமா ஒரு எச்யூஐடி எண் பொறிச்சிருக்கும், லென்சு வெச்சுப் பார்த்து அதையும் எழுதுங்க. தராசு மேல வெச்சு எடை தெரியற மாதிரி ஒரு போட்டோ. அப்புறம் ஒரே ஒரு வரி, அதுதான் உயிர்: ‘நகையாகவே திருப்பித் தர வேண்டியது, முடியாவிட்டால் திருப்பும் நாளின் விலைக்கு.’ இந்த வரி இல்லைன்னா, 10 வருஷத்துக்கு முன்னால இருந்த பவுன் விலையைப் பணமாக் குடுத்துட்டு ‘உன் நகைக்கடன் தீர்ந்துபோச்சு’ம்பான். அந்தக் காசுல அக்காவுக்கு இன்னிக்கு அந்த நகை திரும்ப வராது.

கூட்டுத் தொழில். திருச்செங்கோட்டுப் பக்கம் நாலு மாமன் மச்சான் சேர்ந்து போர்வெல் போடற ரிக் வண்டி எடுக்கறாங்க. ஒருத்தர் 20 லட்சம் போட்டார். ஒருத்தர் 5 லட்சம் போட்டு, கூடவே வண்டியோட ஊரூரா அலைஞ்சு ராப்பகலா ஒழைக்கறார். எழுத்து கெடையாது. ‘நமக்குள்ள என்ன மாப்ள!’ நமக்குள்ள என்னன்னு நாம எழுதலைன்னா 1932-ஆம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம் எழுதி வெச்சிருக்குதுங்க. பங்கு என்னன்னு பேசலைன்னா லாபமும் நஷ்டமும் எல்லாருக்கும் சமம். 20 லட்சம் போட்டவருக்கும் 5 லட்சம் போட்டவருக்கும் சமம். ஒழைச்சவருக்குச் சம்பளம் பேசலைன்னா சம்பளம் கெடையாது. முதல் போட்டதுக்கு வட்டி பேசலைன்னா வட்டி கெடையாது. ஒரு பங்குதாரர் செத்தா, வேற மாதிரி ஒப்பந்தம் இல்லாத பட்சத்துல கூட்டே கலைஞ்சுது. ஆக, வாய்ச்சொல்லே போதும்னு சொன்ன ரெண்டு பேரும், ரெண்டு பேருமே ஒத்துக்காத ஒரு கணக்குக்கு உட்பட்டுத்தான் தொழில் பண்ணிட்டு இருக்காங்க. ஒப்பந்தத்தை எழுதினாப் போதாது, நிறுவனத்தைப் பதிவும் பண்ணணும். பதியாத கூட்டு, பாக்கி வெச்சவன் மேல ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போட முடியாது.

வண்டின்னு சொன்னதால ஒண்ணு. பழைய காரை மச்சானுக்கு வித்துட்டு, ‘பேரு அப்புறம் மாத்திக்கலாம்’னு விடறாங்க பாருங்க. அந்த வண்டி பெருந்துறை ரோட்டுல யாரையாவது இடிச்சா, இழப்பீடு ஆர்சி புக்குல யாரு பேரு இருக்குதோ அவர் மேலதான் வரும். உச்ச நீதிமன்றமே 2018-ல அப்படித்தான் சொல்லியிருக்குது. வித்த 14 நாளைக்குள்ள விக்கறவர் ஆர்டிஓ ஆபீசுக்குத் தெரியப்படுத்தணும். சாவியைக் குடுக்கற அன்னிக்கே பாரம் 29-லயும் 30-லயும் கையெழுத்து.

திருப்பூர்ல ஜாப் ஒர்க் பண்றவங்க நிறையப் பேர் இங்க இருக்கறீங்க. உங்களுக்கு நோட்டைவிடச் சரக்கோட போற சீட்டு, டெலிவரி சலான்தான் சாமி. 500 கிலோ துணி சாயத்துக்குப் போகுது. 470 கிலோ திரும்பி வருது. 30 கிலோ எங்க? பிராசஸ் லாஸ், சாயம் போடறதுல குறைஞ்சதுன்னு அவங்க சொல்வாங்க, இத்தனை ஆகாதுன்னு நீங்க சொல்வீங்க. கிலோ 300 ரூபான்னு வெச்சாக்கூட 9,000 ரூபா, ஒரே லாட்டுல. எத்தனை சதம் வரைக்கும் குறையலாம், அதுக்கு மேல போனா யார் தலையிலங்கறது துணி ஏத்தறதுக்கு முன்னால சலான்லயே இருக்கணும். ரோல் எத்தனை, கிலோ எவ்வளவு, டயாங்கிற அகலம் என்ன, ஜிஎஸ்எம்ங்கிற சதுர மீட்டர் எடை என்ன, வாங்கினவர் கையெழுத்து, தேதி. தேதி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, அரசாங்கத்தோட உத்யம் பதிவு வெச்சிருக்கிற சிறு, குறு தொழில் பண்றவங்களுக்கு, எழுத்துல ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைக்கு மேல பாக்கி வைக்கக் கூடாது, ஒப்பந்தமே இல்லைன்னா 15 நாள். தாண்டினா, ரிசர்வ் பேங்கோட பேங்க் ரேட்டைப் போல மூணு மடங்கு வட்டி, மாசாமாசம் கூட்டு வட்டி. ‘பார்த்தீங்களா, எழுதாம இருந்தா 15 நாள்லயே காசு வருது’ன்னு அண்ணன் சிரிக்கறாங்க. அண்ணா, எந்த நாள்ல இருந்து 15? சரக்கை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து. அந்த நாள் எங்க இருக்குது? சலான்ல போட்ட கையெழுத்துலதான் இருக்குதுங்க.

மூணாவது கேள்வி, ஏமாத்தறவன் எழுதியும் ஏமாத்துவான்கறது. ஏமாத்துவானுங்க. ஆனா எழுத்து கோர்ட்டுக்கு மட்டும் இல்லை, நமக்கே கண்ணாடி. தண்டல் வாங்கறவங்க அதை ஒரு தடவை தாள்ல எழுதிப் பார்த்திருந்தா வாங்கவே மாட்டாங்க. 10,000 ரூபா தண்டல்னு சொல்லி 1,500 பிடிச்சுக்கிட்டு 8,500 கையில குடுக்கறான். நாளைக்கு 100 ரூபா, 100 நாள். ‘1,500-தானே, 15 சதம்’னு மனசு சொல்லும். எழுதுங்க. முதல் நாள்ல இருந்தே அசல் கொறைஞ்சுட்டே வருது, அம்பதாவது நாள் அவன் காசுல பாதிகூட உங்க கையில இல்லை, ஆனா வட்டி முழுசுக்கும் குடுக்கறீங்க. கணக்குப் போட்டா மாசத்துக்கு நூத்துக்குக் கிட்டத்தட்ட பத்து ரூபா வட்டி. வருஷத்துக்கு 120 சதம். தண்டலும் மீட்டர் வட்டியும் 2003-லயே தமிழ்நாட்டுச் சட்டம் தடை பண்ணினதுங்க. அப்படியும் நடக்குதுன்னா, வாய்க்கணக்குல அது சின்னதாத் தெரியறதுனாலதான்.

செக்கும் எழுத்துதான். அதுக்கும் நாள் உண்டு. செக்குத் தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள பேங்குல போடணும். திரும்பினா, திரும்பின தகவல் வந்த 30 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீசு. நோட்டீசு கெடைச்சு 15 நாள்ல பணம் வரலைன்னா, அதுக்கு அடுத்த ஒரு மாசத்துக்குள்ள கோர்ட்டுல புகார். 31-ஆவது நாள் நோட்டீசு அனுப்பிட்டு ‘சட்டமே சரியில்லை’ன்னு சொல்றவங்க இருக்காங்க. எழுத்து உங்களைக் காப்பாத்தும், நீங்க அதைத் தூங்க விடாத வரைக்கும். குடுக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை: தொகை எழுதாத செக்குல, நிரப்பாத நோட்டுல கையெழுத்துப் போட்டுக் குடுக்காதீங்க. நிரப்பிக்கறதுக்கு நீங்களே அதிகாரம் குடுத்ததாத்தான் சட்டம் எடுத்துக்கும். அப்படிக் குடுத்தா எழுதினதா அர்த்தம் இல்லைங்க, அடுத்தவனை எழுதிக்கச் சொன்னதா அர்த்தம்.

ஜாமீன் கையெழுத்து. ‘சும்மா ஒரு கையெழுத்து மாமா, ஃபார்மாலிட்டி.’ சும்மா இல்லை. கடன் வாங்கினவர் எவ்வளவுக்குப் பொறுப்போ ஜாமீன் போட்டவரும் அவ்வளவுக்கும் பொறுப்பு. பேங்க் அவரைக் கேட்டு முடிச்சுட்டுத்தான் உங்ககிட்ட வரணும்னு சட்டம் இல்லை. அந்தத் தொகையை இன்னிக்கே அவருக்குத் தானமாக் குடுக்க முடியும்னா போடுங்க. இல்லைன்னா, ‘ஏங்கண்ணு, என்னால முடிஞ்சது 25,000, அதை வெச்சுக்கோ, திருப்பித் தர வேண்டாம், கையெழுத்து மட்டும் கேட்காதே’ன்னு சொல்லிருங்க. முகம் கோணும். கோணட்டும். ஆறு மாசத்துல சரியாப் போகும்.

இது எல்லாத்தையும்விட எனக்கு மனசு அடிச்சுக்கற விஷயம், கூடப் பொறந்தவ பங்கு. ‘அவளுக்குத்தான் 50 பவுன் போட்டுக் கட்டிக் குடுத்தோமே, பங்கு வேண்டாம்னு அவளே சொல்லிட்டா’ன்னு திண்ணையில பேசி முடிச்சர்றாங்க. பரம்பரைச் சொத்துல பொண்ணுக்குப் பங்கு தமிழ்நாட்டுல 1989-லயே வந்தது, அப்பக் கல்யாணம் ஆகாத பொண்ணுங்களுக்கு. 2005-ல நாடு முழுக்க, கல்யாணம் ஆனவங்களுக்கும் சேர்த்து வந்தது. திண்ணையில சொன்ன வார்த்தைக்கு நெலம் நகராதுங்க. அவ விட்டுக் குடுக்கறதா இருந்தா பதிவு பண்ணுன விடுதலைப் பத்திரம் வேணும். குடுக்கறதா இருந்தா பாகப்பிரிவினையில சர்வே நம்பரோட எழுதணும். எழுதாம விட்டா 25 வருஷம் கழிச்சு காட்டை விக்கப் போகும்போது வில்லங்கம் பார்க்கற வக்கீல், ‘அக்கா கையெழுத்து எங்க?’ம்பார். அன்னிக்குத்தான் தட்டுல பழம் வெச்சுட்டு அக்கா வீட்டுக்குப் போவோம். அதுக்கு முன்னால அவளை நல்லா வெச்சுக்கிட்டமான்னு அவளுக்குத்தான் தெரியும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சொல்லி வெச்சது ஆகாதவங்க இல்லை, நம்ம ஆத்தாமாருங்கதான்.

எழுத்தே வேண்டாத பணம் ஒண்ணு இருக்குதுங்க, அதையும் சொல்லிர்றேன். ஆஸ்பத்திரிச் செலவு, சாவுச் செலவு, ஒறம்பரைப் பிள்ளைக்குக் காலேஜ் பீஸ். இதைக் கடன்னு பேரு வெச்சுக் குடுக்காதீங்க. திரும்ப வராதுன்னு தெரிஞ்சே, உங்களால முடிஞ்சதை மட்டும், குடுத்ததுன்னே குடுங்க. அதுக்கு எழுத்தும் வேண்டாம், நாலு பேர் இருக்கற பந்தியில ‘நான்தான் குடுத்தேன்’கிற பேச்சும் வேண்டாம். கெடுதல் பண்றது நடுவுல நிக்கற பணம்தான். குடுக்கும்போது தானம் மாதிரி குடுத்துட்டு, கேட்கும்போது கடன் மாதிரி கேட்கறது.

முதல் கேள்விதான் பாக்கி. எப்படிக் கேட்கறது, முகத்தைப் பார்த்து? பணம் குடுத்துட்டு நோட்டைக் கேட்காதீங்க, அதுதான் சந்தேகமாத் தெரியும். பணம் கேட்டு வந்த அன்னிக்கே, காப்பி குடுக்கும்போதே சொல்லிருங்க: ‘தர்றேன் மாப்ள. எனக்கு ஏதாவது ஒண்ணு ஆகிப்போச்சுன்னா உங்கக்காவுக்கு இது தெரியணும், உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் பிள்ளைங்ககிட்ட நான் கூடுதலாக் கேட்டுரக் கூடாது. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒண்ணு எழுதிக்கலாம்.’ எழுதினதை ரெண்டு நகல் போட்டு அவர்கிட்ட ஒண்ணு குடுங்க. ரெண்டு வீட்டுப் பொம்பளைங்களையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கங்க. பாதிச் சண்டை, வீட்டுக்காரம்மாவுக்குத் தெரியாமக் குடுத்த பணத்துலதான் வருது.

பணம் முழுசும் வந்த அன்னிக்கு அந்த நோட்டை எடுத்து, குறுக்கால ‘அசலும் வட்டியும் தீர்ந்தது’ன்னு எழுதி, தேதி போட்டு நீங்க கையெழுத்துப் போடுங்க. அவர் கண்ணு முன்னால ஸ்டாம்புல அவர் போட்ட கையெழுத்தைக் கிழிச்சு எடுத்துட்டு, மீதிக் காகிதத்தை அவர் கையிலயே குடுத்துருங்க. ‘இருக்கட்டும், அப்புறம் தர்றேன்’னு ஒரு நாள்கூட உங்க வீட்டுல வெச்சுக்காதீங்க. நோட்டை வாங்கிட்டு அவர் சாப்பிட்டுட்டுத்தான் போகணும், அன்னிக்கு எலையைப் போட்டுருங்க.

நடுவர் மணியைத் தூக்கிட்டாங்க. வர்றேனுங்க, வணக்கம்.